ஜெர்மனியில் நாலு பேர், 12 நாள்: பாஸ் வேண்டாம், மெதுவான ரயில் போதும்

கேட்ட விஷயத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி நண்பர்கள் நாலு பேர். மூன்று பேர் கோயம்புத்தூரிலிருந்து வருகிறார்கள், நாலாவது ஆள் ஆகனில் எம்.எஸ். படிக்கிறார். செப்டம்பர் கடைசி இரண்டு வாரம், ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி மியூனிக்கிலிருந்து விமானம் ஏறுவது, நடுவில் எல்லாம் ரயில். விமானச் செலவு போக ஆளுக்கு 900 யூரோ. பட்டியலில் எட்டு ஊர், அதோடு நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை, அதோடு பிளாக் ஃபாரஸ்ட். பல நாட்டு ரயில்களுக்கும் ஒரே டிக்கெட்டாக வருகிற யூரெயில் பாஸ் எடுத்தால் லாபமா?

எடுக்காதீர்கள். விலையை விடுங்கள், உங்கள் குழுவுக்கே அது ஒத்துவராது. யூரெயில் ஐரோப்பாவுக்கு வெளியே குடியிருப்பவர்களுக்கு. ஆகனில் இருக்கும் நண்பருக்கு அது கிடைக்காது, அவர் இன்டர்ரெயில்தான் எடுக்க வேண்டும். அதுவோ தான் குடியிருக்கும் நாட்டுக்குள் ஒருமுறை வெளியே போகவும் ஒருமுறை திரும்பி வரவும் மட்டும்தான் செல்லும். ஆக மூன்று பேர் ஒரு டிக்கெட், ஒருத்தர் வேறு டிக்கெட் என்று முதல் நாளே பிரிந்து நிற்பீர்கள்.

உங்களுக்கு வேண்டியது டாய்ச்லண்ட்-டிக்கெட். 2022 கோடையில் மூன்று மாதம் மட்டும் 9 யூரோ டிக்கெட் என்று ஒன்று விட்டார்கள், அதற்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து 2023 மே மாதம் இதை 49 யூரோவுக்குக் கொண்டுவந்தார்கள். 2025-ல் 58 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 63. ஒரு மாதம் முழுக்க, நாடு முழுக்க, ஆர்இ, ஆர்பி, எஸ்-பான் என்று பெயர் போட்ட எல்லா உள்ளூர் ரயிலும், ஊருக்குள் மெட்ரோ, டிராம், பஸ்ஸும் இதிலேயே அடக்கம். ஐசிஇ, ஐசி, இசி மாதிரி நீண்டதூர ரயில்களில் செல்லாது, பச்சை நிற ஃபிளிக்ஸ்டிரெயினிலும் செல்லாது. மாணவ நண்பரிடம் அநேகமாக ஏற்கெனவே இது இருக்கும், பல பல்கலைக்கழகங்கள் செமஸ்டர் கட்டணத்தோடு சேர்த்தே கொடுத்துவிடுகின்றன. முதலில் அவரிடம் கேளுங்கள்.

இதில் இரண்டு இடத்தில் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, இது காலண்டர் மாதக் கணக்கு. செப்டம்பர் 25-ல் தொடங்கி அக்டோபர் 6-ல் முடித்தால் இரண்டு மாதப் பணம். இன்னொன்று, இது சந்தா. செப்டம்பரோடு நிறுத்த வேண்டுமென்றால் செப்டம்பர் 10-க்குள் ரத்து செய்தாக வேண்டும், மறந்தால் அக்டோபர் பணமும் போய்விடும். வாங்கிய கையோடு போனில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள். ஜெர்மன் வங்கிக் கணக்குதான் வேண்டும் என்று சில இடங்களில் கேட்பார்கள், ஆனால் கிரெடிட் கார்டு வாங்கிக்கொள்கிற நகரப் போக்குவரத்து ஆப்களும் இருக்கின்றன, கொஞ்சம் தேடினால் கிடைக்கும். டிக்கெட் போனில்தான் இருக்கும், பெயர் போட்டது, மாற்றிக் கொடுக்க முடியாது. பரிசோதகர் கேட்டால் பாஸ்போர்ட்டையும் காட்ட வேண்டும். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ அபராதம். பவர் பேங்க் ஒன்று எப்போதும் சார்ஜோடு இருக்கட்டும்.

சரி, தேதிக்கு வருகிறேன். செப்டம்பர் பிற்பாதியை விட்டுவிடுங்கள். மியூனிக்கின் பீர் திருவிழாவுக்கு அக்டோபர்ஃபெஸ்ட் என்று பெயர் இருந்தாலும் அது தொடங்குவது செப்டம்பர் நடுவில், 15-ஆம் தேதிக்கு அடுத்து வரும் சனிக்கிழமை. அந்த நாட்களில் மியூனிக்கில் சாதாரண ஹாஸ்டல் படுக்கையே மூன்று நான்கு மடங்கு விலைக்குப் போகும். செப்டம்பர் 3-லிருந்து 14 வரை என்று வைத்துக்கொண்டால் மாதக் கணக்கும் ஒத்துவரும், திருவிழாவும் தொடங்கியிருக்காது, வெயிலும் மிச்சம் இருக்கும்.

இப்போது பட்டியல். எட்டு ஊர் வேண்டாம். பன்னிரண்டு நாளில் எட்டு ஊர் என்றால் பார்ப்பது எட்டு ஸ்டேஷனும் எட்டு ஹாஸ்டல் வரவேற்பறையும்தான். நான் இங்கே ஒன்பது வருடமாக இருக்கிறேன், ஊரிலிருந்து வருகிற நண்பர்களோடு இதுபோல நாலைந்து முறை சுற்றியிருக்கிறேன். கடைசியில் அவர்கள் திரும்பத் திரும்பப் பேசுவது ஜன்னலோரம் பார்த்ததையும், எங்கோ ஒரு சின்ன ஸ்டேஷனில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்ததையும்தான். மெதுவான ரயிலை மலிவு என்பதற்காக மட்டும் நான் சொல்லவில்லை. ஐசிஇ 300 கிலோமீட்டர் வேகத்தில் சுரங்கத்துக்குள்ளும் தடுப்புச் சுவருக்குப் பின்னாலும் ஓடும். ஆற்றங்கரையை ஒட்டியும் ஊருக்கு நடுவிலும் போவது பழைய பாதை. அதில் ஓடுவது உங்கள் 63 யூரோ டிக்கெட் செல்லுகிற ரயில்.

என் யோசனை: ரைன் ஆற்றங்கரையில் பாகாராக் இரண்டு இரவு, கொலோன் ஒரு பகல், அங்கிருந்து ஒரே தாவலாக பெர்லின் நாலு இரவு, டிரெஸ்டன் மூன்று இரவு, நூரம்பெர்க் ஒரு இரவு, கடைசி இரவு மியூனிக். பதினோரு இரவு ஆயிற்று. ஹாம்பர்க்கை விட்டதற்கு எனக்கே வருத்தம்தான், அங்கே துறைமுகத்துப் படகுகூட இதே டிக்கெட்டில் ஓடும். ஆனால் வடக்கே ஏறி இறங்கினால் இரண்டு நாள் போய்விடும். பிளாக் ஃபாரஸ்டும் அப்படித்தான், ஆஃபன்பர்க்கிலிருந்து கொன்ஸ்டான்ஸ் வரை 39 சுரங்கங்களோடு 1873-ல் முழுதாகத் திறந்த அந்த மலைப்பாதைக்காகவே ஒருமுறை தனியாக வர வேண்டும்.

ஃபிராங்க்ஃபர்ட் ஊருக்குள் போகவே வேண்டாம். விமான நிலையத்துக்குக் கீழே உள்ளூர் ரயில் ஸ்டேஷன் இருக்கிறது, எஸ்8 ஏறினால் நேரே மைன்ஸ். அங்கே கோப்லன்ஸ் பக்கம் போகிற ஆர்பி மாறிக்கொண்டு வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள். பிங்கன் தாண்டியதும் ஆறு உங்கள் பக்கத்துக்கு வந்துவிடும், அப்புறம் கோப்லன்ஸ் வரை கூடவே வரும். இருபுறமும் செங்குத்தான திராட்சைத் தோட்டம், ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கோட்டை. கௌப் ஊருக்கு எதிரே ஆற்றுக்கு நடுவில் வெள்ளையாக ஒரு கோட்டை நிற்கும், கப்பல் நங்கூரம் போட்ட மாதிரி. அந்தக் காலத்தில் படகுகளிடம் சுங்கம் வசூலித்த இடம் அது. மைன்ஸுக்கும் கோப்லன்ஸுக்கும் நடுவே இந்த ஆற்றுக்கு ஒரு பாலமும் கிடையாது, அக்கரைக்குப் போக வேண்டுமென்றால் படகுதான்.

பாகாராக்கில் தங்கச் சொல்வதற்குக் காரணம் அங்கே மலைமேல் இருக்கும் ஷ்டாலெக் கோட்டை. அது இப்போது யூத் ஹாஸ்டல். உலகத்தின் முதல் நிரந்தர யூத் ஹாஸ்டலே இந்த நாட்டில்தான் தொடங்கியது, ரிஷார்ட் ஷிர்மன் என்ற பள்ளி ஆசிரியர் 1912-ல் அல்டேனா கோட்டையில் திறந்தார். மாணவர்கள் மழையில் நடந்து களைத்துப் போனால் தங்க ஓர் இடம் வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். ஷ்டாலெக்கில் காலை உணவோடு படுக்கை கிடைக்கும், யூத் ஹாஸ்டல் சங்க உறுப்பினர் அட்டை கேட்பார்கள், நாலு பேர் என்பதால் சீக்கிரமே முன்பதிவு செய்தால் ஓர் அறையையே உங்களுக்கு ஒதுக்கிவிடுவார்கள். ஸ்டேஷனிலிருந்து மேலே ஏற இருபது நிமிடம், கல்படி, வளைந்து வளைந்து போகும். சக்கரம் வைத்த பெட்டியோடு வந்தவர்களை அந்தப் படியில் பார்த்திருக்கிறேன், பாதியிலேயே பெட்டியைத் தலையில் தூக்கிக்கொள்வார்கள். ஆளுக்கு 40 லிட்டர் முதுகுப்பை, அதற்கு மேல் வேண்டாம். இரவில் கோட்டை முற்றத்துச் சுவர் ஓரம் நின்றால் கீழே ஆறு கருப்பாகத் தெரியும், இரு கரையிலும் சரக்கு ரயில்கள் போய்க்கொண்டே இருக்கும், விளக்குப் புள்ளிகள் மெதுவாக வளைந்து மறையும்.

மூன்றாம் நாள் காலையில் கொலோன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரே கதீட்ரல், 157 மீட்டர், கழுத்து வலிக்கிற உயரம். 1248-ல் தொடங்கி 1880-ல்தான் கட்டி முடித்தார்கள். உள்ளே போக அவசரப்படாமல் முதலில் பையை வையுங்கள். கொலோன் ஸ்டேஷன் லாக்கர் கொஞ்சம் வித்தியாசமானது, பையை உள்ளே வைத்துப் பணம் கட்டினால் கதவு மூடிக்கொள்ளும், பை தானாகவே தரைக்கடியில் உள்ள கிடங்குக்குப் போய்விடும். கையில் வருகிற அட்டையைத் திரும்பப் போட்டால்தான் பை மேலே வரும். அட்டையை ஒருவரே பத்திரமாக வைத்திருங்கள்.

கொலோனிலிருந்து பெர்லினுக்கு மட்டும் ஐசிஇ வாங்குங்கள். உள்ளூர் ரயிலில் மாறி மாறிப் போனால் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஐசிஇ-யில் நாலரை மணி நேரம். ஜெர்மன் ரயில்வேயான டாய்ச்ச பானின் ஆப்பில் சூப்பர் ஷ்பார்ப்ரைஸ் என்ற டிக்கெட் இரண்டு மூன்று மாதம் முன்பே பார்த்தால் 25, 30 யூரோவுக்கும் கிடைக்கும், 27 வயது ஆகாதவர்களுக்கு இன்னும் கொஞ்சம் குறைவு. அதே டிக்கெட்டைப் போகிற அன்று வாங்கினால் நூறைத் தாண்டிவிடும், பட்ஜெட் உடைவது எப்போதும் இங்கேதான். ரத்து செய்தால் பணம் வராது, குறிப்பிட்ட ரயிலில்தான் ஏற வேண்டும். ஆனால் ஒரு சலுகை உண்டு: போய்ச் சேரும் இடத்துக்கு 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால் அந்தக் கட்டுப்பாடு போய்விடும், அதே வழியில் போகிற வேறு ஐசிஇ-யிலும் ஏறலாம். ஒரு மணி நேரம் தாமதமானால் டிக்கெட் விலையில் கால் பங்கு, இரண்டு மணி நேரம் என்றால் பாதி திரும்பக் கிடைக்கும், ஆப்பிலேயே கேட்கலாம்.

இந்த வழியில் ஹம் என்ற ஸ்டேஷன் வரும். இரண்டு பாதையில் வருகிற ஐசிஇ ரயில்களை அங்கே ஒன்றாகக் கோத்து பெர்லினுக்கு அனுப்புவார்கள். அந்த ஊரின் உவென்ட்ரோப் பகுதியில்தான் ஈழத் தமிழர்கள் எழுப்பிய ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, 2002-ல் குடமுழுக்கு நடந்தது. போக ஆசை இருந்தால் டிக்கெட் எடுக்கும்போதே ஹம்மில் மூன்று நாலு மணி நேர நிறுத்தம் சேர்த்து எடுக்கலாம், ஆப் அதற்கு இடம் கொடுக்கிறது.

தாமதம் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஜெர்மன் ரயில் நொடி பிசகாது என்ற நினைப்போடுதான் எல்லாரும் வருகிறார்கள். 2024-ல் நீண்டதூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன, அதுவும் ஆறு நிமிடம் வரையிலான தாமதத்தைக் கணக்கில் எடுக்காமல். பல பத்தாண்டுகளாகத் தள்ளிப்போட்ட பராமரிப்பை இப்போது பாதை பாதையாக முழுதாக மூடிச் செய்கிறார்கள். ஃபிராங்க்ஃபர்ட் - மன்ஹைம் பாதையை 2024-ல் ஐந்து மாதம் மூடினார்கள், பெர்லின் - ஹாம்பர்க்கை 2025 ஆகஸ்ட்டில் மூடிப் பல மாதம் வேலை நடந்தது. அதனால் போகிற வாரத்தில் ஒவ்வொரு பாதையையும் ஆப்பில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பலகையில் 'ஃபெல்ட் ஔஸ்' என்று வந்தால் ரயில் ரத்து, 'ஃபெர்ஷ்பேடுங்' என்றால் தாமதம், 'ஷீனன்-எர்சட்ஸ்ஃபெர்கேர்' என்றால் ரயிலுக்குப் பதிலாக பஸ். அந்த பஸ் ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று கண்டுபிடிக்கவே பத்து நிமிடம் ஆகும். ஆப்பில் ரயில் மாறும் நேரம் குறைந்தது 15 நிமிடம் என்று அமைத்துக்கொள்ளுங்கள், தானாக அது காட்டுகிற ஆறு நிமிடம் நாலு பேருக்குப் போதாது, ஒருத்தர் கழிப்பறையில் இருப்பார். இன்னொன்று, உள்ளூர் ரயிலில் வந்து தனியாக வாங்கிய ஐசிஇ-யைப் பிடிப்பதாகத் திட்டம் போட்டால், முதல் ரயில் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிடுவது உங்கள் நஷ்டம், இரண்டும் வேறு வேறு ஒப்பந்தம். கொலோனில் ஒரு பகல் வைத்தது அதற்காகவும்தான்.

பிரிகிற ரயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே பல உள்ளூர் ரயில்கள் ஒன்றாகக் கிளம்பிப் பாதி வழியில் இரண்டாக, மூன்றாகப் பிரிந்து வேறு வேறு ஊருக்குப் போகும். ஒருமுறை மியூனிக்கிலிருந்து டேகர்ன்சே ஏரிக்குப் போனோம், கூட்டமாக இருந்ததால் எங்களில் இரண்டு பேர் பின்னால் காலியாக இருந்த பெட்டியில் ஏறினார்கள். ஷாஃப்ட்லாக் ஸ்டேஷனில் ரயில் பிரிந்தது, நாங்கள் ஏரிக்கரையில் இறங்கினோம், அவர்கள் லெங்க்ரீஸில் இறங்கிப் போன் செய்தார்கள். சேர்ந்து உட்கார ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. சாப்பாட்டுப் பை அவர்களிடம், தண்ணீர் எங்களிடம். ஏறும்போது பெட்டிக்கு வெளியே எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் படியுங்கள், பிளாட்பாரப் பலகையில் ஏ, பி, சி என்று எந்தப் பகுதி எந்த ஊருக்கு என்றும் போட்டிருக்கும்.

பெர்லினில் காசு செலவழிக்காமலே நாலு நாள் நிறையும். பெர்னவர் தெருவில் பெர்லின் சுவர் நின்ற இடத்தைத் திறந்தவெளி நினைவிடமாக வைத்திருக்கிறார்கள், கட்டணம் கிடையாது. நாடாளுமன்றத்தின் கண்ணாடிக் கூரையும் இலவசம், ஆனால் பெயர், பிறந்த தேதி கொடுத்து இணையத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும். இங்கே ஒரு நாளை ஆளுக்கொரு திசையாக விடுங்கள். பன்னிரண்டு நாள் ஒரே அறை, ஒரே முகம் என்றால் ஐந்தாம் நாள் வாக்கில் யாராவது முகம் சுளிப்பார்கள், எல்லாக் குழுவிலும் நடக்கிறது. தனியாக ஒரு நாள் அலைந்துவிட்டு இரவில் சேர்ந்தால் பேச விஷயம் இருக்கும்.

பெர்லின் - டிரெஸ்டன் உள்ளூர் ரயிலில் எல்ஸ்டர்வெர்டா வழியாக மூன்று மணி நேரம் வாக்கில் ஆகும். டிரெஸ்டனில் ஊரைவிட எனக்குப் பிடித்தது அங்கிருந்து எஸ்1-ல் எல்ப ஆற்றங்கரையோடு போவது; இடது பக்கம் உட்காருங்கள். முக்கால் மணி நேரத்துக்குள் ராதன். இறங்கினால் ஆற்றைக் கடக்க ஒரு படகு, அதற்கு இன்ஜின் கிடையாது. ஆற்றுக்குள் நங்கூரமிட்ட நீண்ட கயிற்றில் கட்டியிருக்கும், படகோட்டி அதைச் சற்றுத் திருப்புவார், ஓடுகிற தண்ணீரே தள்ளி அக்கரையில் சேர்த்துவிடும். இன்ஜின் சத்தமே இல்லாததால் பேசிக்கொண்டிருந்தவர்களும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து ஏறினால் பாஸ்டை, ஆற்றுக்கு மேலே 194 மீட்டர், மணற்கல் தூண்களுக்கு நடுவே 1851-ல் கட்டிய கல்பாலம். கட்டணம் இல்லை.

தங்க: நாலு பேர் என்பது நல்ல எண்ணிக்கை, நாலு படுக்கை அறை முழுவதையும் எடுத்தால் தனித்தனியாக டார்மிட்டரியில் படுப்பதற்கு ஆகும் விலைதான், பூட்டும் உங்கள் கையில். ஆளுக்கு இரவுக்குச் சராசரி 35 யூரோ வைத்துக்கொள்ளுங்கள். சமையலறை உள்ள ஹாஸ்டலாக பெர்லினிலும் டிரெஸ்டனிலும் தேடுங்கள், யூத் ஹாஸ்டல்களில் அநேகமாக இருக்காது. ஊரிலிருந்து பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் கொண்டு வரலாம். நெய், பால்கோவா, கறி வகை எதுவும் எடுத்து வராதீர்கள், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால், இறைச்சிப் பொருட்களைப் பயணிகள் கொண்டுவரத் தடை.

சாப்பாட்டுக்கு ஆல்டி, லிடில், பென்னி மாதிரி மலிவு விலை சூப்பர்மார்க்கெட்டுகள். ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கடையும் மூடியிருக்கும், பெரிய ஸ்டேஷனுக்குள் இருப்பவை மட்டும் திறந்திருக்கும், அங்கே விலை கூட. அதனால் சனி மாலையே வாங்கி வையுங்கள். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். பாட்டில் வாங்கினால் தூக்கிப் போடாதீர்கள், பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட் முன்பணமாகச் சேர்த்தே விற்கிறார்கள். கடை வாசலில் உள்ள இயந்திரத்தின் வட்ட ஓட்டையில் ஒவ்வொன்றாக வைத்தால் உருட்டிப் பார்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும், கடைசியில் பச்சைப் பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும், அதைக் கல்லாவில் கொடுத்தால் காசு. நசுங்கிய பாட்டிலை எடுத்துக்கொள்ளாமல் திருப்பித் தள்ளிவிடும்.

கணக்கு: ரயிலுக்கு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 100 யூரோ வாக்கில், தங்க 385, சாப்பாட்டுக்கு ஒரு நாளுக்கு 22 வைத்தால் 264, நுழைவுக் கட்டணம் லாக்கர் எல்லாம் 70. மொத்தம் 819, கையில் 81 மிச்சம் இருக்கும். பொதுச் செலவுக்கு ஒரு பர்ஸ், ஒருத்தர் பொறுப்பு.

டிரெஸ்டனிலிருந்து நூரம்பெர்க், ஹோஃப் ஊரில் மாறி ஐந்து மணி நேரம் பிடிக்கும், கையில் ரொட்டியும் பழமும் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி மதியமும் ஞாயிறு மாலையும் தவிர்த்தால் உட்கார இடம் கிடைக்கும். நூரம்பெர்க்கிலிருந்து மியூனிக் போகிற ஆர்இ1 ஐசிஇ ஓடுகிற அதிவேகப் பாதையிலேயே இங்கோல்ஷ்டட் வரை போகும், முழுத் தூரமும் ஒன்றேமுக்கால் மணி நேரத்தில். உங்கள் டிக்கெட்டிலேயே கிடைக்கிற மிக வேகமான பயணம் அதுதான். நொய்ஷ்வான்ஸ்டைன் கட்டாயம் வேண்டும் என்றால் டிரெஸ்டனில் ஓர் இரவைக் குறைத்து மியூனிக்கில் சேருங்கள். ஃப்யூஸன் வரை இரண்டு மணி நேர ரயில், அப்புறம் பஸ், கோட்டைக்குள் போக நேரம் குறித்த டிக்கெட்டை முன்பே வாங்கியிருக்க வேண்டும். மேலே மரியன் பாலத்திலிருந்து பார்ப்பது இலவசம்.

கடைசி நாள் மியூனிக் ஸ்டேஷனிலிருந்து விமான நிலையத்துக்கு எஸ்1, எஸ்8 இரண்டும் போகும், முக்கால் மணி நேரம், டாய்ச்லண்ட்-டிக்கெட் செல்லும். எஸ்1-ல் ஏறினால் அதுவும் பிரிகிற ரயில், நொய்ஃபார்ன் ஸ்டேஷனில் ஒரு பாதி ஃபிரைசிங் போய்விடும். 'ஃப்ளூக்ஹாஃபன்' (விமான நிலையம்) என்று எழுதிய பெட்டியில் நாலு பேரும் ஒன்றாக ஏறுங்கள்.